குளிர் வந்தால் வெளுக்கும் கிண்ணம்

1

பிள்ளைகளே, இன்று காலை எங்கள் வீட்டுக் கிண்ணம் மறுபடியும் வெள்ளையாகிவிட்டது.

அது முன்னறை யன்னல் விளிம்பில் இருக்கும் மரக் கிண்ணம். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடும். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லியது. கோடையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கத்தில் என் விரல்களின் நிழலைப் பார்க்கலாம். குளிர் தொடங்கியதும் ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் தேமல் படர்ந்த மாதிரி அதன் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் நிற்கும். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். இன்றைக்கு இந்த வருடத்து முதல் வெள்ளை.

உங்கள் ஆசிரியை என் தங்கை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் சஞ்சிகைக்கு ஜேர்மனியைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டாள். பனியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் எழுதுவார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஹம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கதவுப் பிணைச்சல்களை, அதாவது கீல்களை, பெட்டியில் அடுக்குகிறேன். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த இந்தக் கிண்ணத்தைப் பற்றியே எழுதுகிறேன். அதற்குள் எங்கள் வாழ்க்கையும் கொஞ்சம் வரும்.

2

நான் மரம் கடையப் போனதே ஒரு பிழையால்தான்.

இங்கே வேலை முடிந்து மாலையில் பெரியவர்கள் படிக்க ஒரு பள்ளி இருக்கிறது. பாஷை, தையல், சமையல், நீச்சல் என்று என்னவும் படிக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு இலக்கம். தொலைபேசிப் புத்தகம் போன்ற ஒரு புத்தகத்தில் அந்த இலக்கத்தைத் தேடி எடுத்து விண்ணப்பத்தில் எழுத வேண்டும். நான் ஜேர்மன் பாஷை படிக்க எண்ணி இலக்கத்தை எழுதினேன். மேல் வரிசையைப் பார்த்துக் கீழ் வரிசை இலக்கத்தை எழுதிவிட்டேன்.

முதல் நாள் கொப்பியும் பேனையுமாகப் போனால், அவர்கள் சொன்ன அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. உள்ளே மரத்தைச் சுழலவிடும் ஆறு கடைசல் இயந்திரங்கள். அவற்றைச் சுற்றி ஆறு பேர் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஃப்ராவ், அதாவது திருமதி, லூட்கே என்ற ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். என் கொப்பியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் ஒரு கண்ணாடியை எடுத்துத் தந்தார்.

பிழையான வகுப்புக்கு வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஜேர்மன் தெரியாது. அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த வகுப்பே எனக்குத் தேவைப்பட்டிராது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வதனி, என் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இஞ்சேரப்பா, பாஷை படிக்கப் போன மனிசன் தலைமயிரெல்லாம் மரத்தூளோட வந்து நிக்கிறார்!"

"அடுத்த கிழமை போய் மாத்திக்கொண்டு வாறன்" என்றேன்.

மாற்றவில்லை. அந்த உளி மரத்தில் பட்டதும் ஈரச் சீவல் நாடா மாதிரிச் சுருண்டு முகத்துக்கு மேலே பறந்தது. அங்கே யாரும் என்னை அதிகம் பேச வைக்கவில்லை. உளியை இப்படிப் பிடி, அப்படிச் சாய் என்று கையால் காட்டினார்கள். எனக்குக் கை காட்டினால் விளங்கும்.

3

இந்த மெல்லிய கிண்ணத்தை எப்படிக் கடைகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வழக்கமாக மரத்தை நன்றாகக் காயவைத்துத்தான் கடைவார்கள். ஃப்ராவ் லூட்கேயின் வழி வேறு. அவர் அன்றைக்குத் தறித்த ஈர மரத்தைத் தருவார். கனடாக் கொடியில் ஒரு இலை இருக்கிறதல்லவா, அந்த மரம். வெள்ளையாக, மணமில்லாமல் இருக்கும். வெளிப்பக்கத்தை முதலில் கடைந்து முடிக்க வேண்டும். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, கிண்ணத்தின் வெளிப்பக்கத்துக்கு அருகில் ஒரு மின்குமிழை எரியவிட்டு, உள்பக்கத்தைக் கடைய வேண்டும். மரம் தடிப்பாக இருக்கும்வரை இருட்டுத்தான். மெலிய மெலிய வெளிச்சம் உள்ளே ஊறி வரும். முதலில் செங்கல் நிறம், பிறகு தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறம், பிறகு மஞ்சள். எல்லா இடமும் ஒரே மஞ்சளாக இருந்தால் எல்லா இடமும் ஒரே தடிப்பு. அளவுகோல் வைத்து அளக்கத் தேவையில்லை. இடையில் தேநீர் குடிக்கப் போகவும் ஏலாது. மரம் காய்ந்தால் கோணிவிடும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விசிறும் போத்தலால் விசிறிக்கொண்டே கடைய வேண்டும்.

மஞ்சளுக்குப் பிறகும் உளியை வைத்தால் வெள்ளை வெளிச்சம் வரும். அது ஓட்டை. நான் பதினொரு கிண்ணத்தை ஓட்டையாக்கினேன்.

வீட்டில் நான் செய்த பரிசோதனைகள் வேறு. கடைந்த கிண்ணம் வெடிக்காமல் காய்வதற்கு அதை அவிக்கலாம் என்று கேள்விப்பட்டு, ஓட்டையான ஒன்றை வதனியின் புட்டுப் பானையில் வைத்து அவித்தேன். கிண்ணம் வெடிக்கவில்லை. வதனிதான் வெடித்தாள்.

"ரெண்டு நாளா புட்டு மரம் மணக்குது! உந்தக் கிண்ணத்துக்குச் சம்பலும் அரைச்சுத் தரட்டோ?"

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு பழைய பானை வந்தது.

4

இனி என் மகள் அபிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். எங்களுக்கு வரும் கடிதங்களை ஏழு வயதிலிருந்து அவள்தான் வாசித்துச் சொல்லி வந்தாள். வாடகைக் கடிதம், காப்புறுதிக் கடிதம், மாநகரசபைக் கடிதம் எல்லாம். உங்கள் வயதில் அவள் எனக்காக வைத்தியரிடம் கதைத்திருக்கிறாள். அது பிள்ளைகள் சுமக்க வேண்டிய பாரமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழி இருக்கவில்லை.

ஒருநாள் ஒரு அலுவலகத்தில் எங்களுக்கு டெர்மின். டெர்மின் என்றால் அவர்கள் குறித்துத் தரும் நேரம். அதைத் தவறவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாங்கள் கொடுத்திருந்த விண்ணப்பத்தை, அவர்கள் பாஷையில் அன்ட்ராக், வைத்துக்கொண்டு ஒரு அம்மா கேள்வி கேட்டுக்கொண்டு போனார். அபிரா ஒரு தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே "யா, யா" என்று தலையாட்டினேன். திடீரென்று அபிரா "நைன்!", இல்லை, என்று கத்தினாள். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் படியில் நின்று சொன்னாள்:

"அன்ட்ராக்கைத் திருப்பி எடுக்கப் போறியளோ எண்டு அந்த மனிசி கேக்குது. நீங்கள் சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டுறியள்!"

"எனக்கு விளங்கேல்லை பிள்ளை."

"விளங்கேல்லை எண்டால் விளங்கேல்லை எண்டு சொல்லவேணும். இனி ஒரு இடத்திலயும் நீங்கள் வாய் திறக்காதேங்கோ அப்பா. நான் கதைக்கிறன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகம் நொந்தது. அன்றிலிருந்து அவளோடு போகும் இடமெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. பேருந்துச் சீட்டுக்கூட அவள்தான் கேட்டு வாங்குவாள்.

5

மாலை வகுப்பு ஒரு வருடத்தோடு முடிந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. அங்கே கடைசல் இயந்திரம் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார். இந்த ஹம் ஊரில் மரம் கடைபவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தால் பட்டறைச் சாவியில் ஒன்று நமக்குத் தருவார்கள். நினைத்த நேரம் போய்க் கடையலாம். சாவி கிடைக்காவிட்டால் நான் உளியைக் கழுவித் துடைத்து வைத்துவிட வேண்டியதுதான். அந்த வருடம் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இருக்கவில்லை.

சேர்வதற்கு ஒரு விதி. கார்த்திகை மாதத்துக் கண்காட்சியில் தான் கடைந்த ஒரு பொருளை வைத்து, எப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டும். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் கேட்டுவிட்டு முடிவு சொல்வார்கள். மொழிபெயர்க்க ஆள் கூட்டி வரலாம் என்று ஃப்ராவ் லூட்கே கேட்டு அனுமதி வாங்கித் தந்தார். சங்கத்தில் சேரும்வரை தன் வகுப்பறையில் வந்து கடையவும் விட்டார்.

அபிராவைக் கேட்டேன்.

"வாறன். ஆனா நான்தான் கதைப்பன். நீங்கள் பக்கத்தில நிண்டு சிரிச்சால் போதும்."

அடுப்படியிலிருந்து வதனி சொன்னாள்: "அந்தாள் சிரிச்சுத்தானே போனமுறை எல்லாத்தையும் கெடுத்தவர்."

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் என் பன்னிரண்டாவது கிண்ணம் ஓட்டையில்லாமல் வந்தது. அதற்கு எண்ணெய் பூச வேண்டும். இங்கே ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அது காய இரண்டு மூன்று கிழமை எடுக்கும், மரமும் மஞ்சளாகும். குளியலறைத் தட்டில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. வெள்ளை மரத்துக்கு வெள்ளை எண்ணெய். ஊரில் கதவுக்கும் பூசினோம், தலைக்கும் பூசினோம், சாமி விளக்குக்கும் விட்டோம், மரத்துக்கு என்ன செய்யும் என்று நினைத்தேன். பூசினேன். மரம் குடித்தது. இன்னும் பூசினேன். அடுப்படிச் சூட்டில் அந்தக் கிண்ணம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விட்டது. அபிராகூட வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனாள்.

பிள்ளைகளே, இப்போது உங்களில் யாராவது சிரிக்கலாம். உங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் எப்போதும் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். இங்கே குளிர்காலத்தில் அது கல்லாகிவிடும். காலையில் வதனி அந்தப் போத்தலை ஹீட்டருக்கு மேலே வைப்பாள். அது உருகியபிறகுதான் தலைக்கு வைக்கலாம். பதினைந்து வருடமாக ஒவ்வொரு குளிர்காலக் காலையிலும் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கிண்ணத்துக்குப் பூசும்போது என் தலைக்குள் இருந்தது ஊர் எண்ணெய். அதுவும் உறையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

6

கண்காட்சி ஒரு பழைய வைக்கோல் களஞ்சியத்தில் நடந்தது. ஹீட்டர் இல்லை. எல்லோரும் கோட்டோடு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேசையும், பொருளுக்கு வெளிச்சம் காட்ட ஒரு மேசை விளக்கும் தந்திருந்தார்கள். என் கிண்ணத்தை நடுவில் வைத்தேன். அபிரா நான் சொல்லிக் கொடுத்ததை ஜேர்மனில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஈர மரம், மின்குமிழ், நிறம் பார்த்துக் கடைதல் எல்லாம்.

மற்ற மேசைகளைப் பார்த்துவிட்டு அவர்கள் எங்களிடம் வர ஒரு மணித்தியாலம் ஆகியது. தலைவர் ஹெர், அதாவது திரு, பிரிங்க்மன் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நெடிய மனிதர், குனிந்துதான் எதையும் பார்ப்பார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"இது பூஞ்சணமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். கிண்ணம் முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு பூசிய மாதிரி.

அபிரா தாளை மடித்தாள். "அப்பா, உதென்ன வெள்ளை?"

"தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போச்சு பிள்ளை. நான் யோசிக்கேல்லை."

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு மேசை விளக்கைக் கிண்ணத்துக்குள் சாய்த்துப் போட்டுவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு அழகான ஜேர்மனில் சொன்னாள். எனக்கு முழுக்க விளங்கியது. அவள் எனக்கு விளங்கக்கூடிய சின்னச் சொற்களில்தான் எப்போதும் பேசுவாள்.

"பூஞ்சணம் இல்லை. இது என் அப்பாவின் பரிசோதனை. குளிரில் வெள்ளையாகும். சூட்டில் தெளியும். வேண்டுமென்றே செய்திருக்கிறார். பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். விளக்குச் சூடு ஏற ஏற அடியில் ஒரு தோடம்பழ நிற வட்டம் தெரிந்தது. அது மெதுவாக மேலே ஏறியது. வெள்ளை பின்வாங்கிப் பின்வாங்கி விளிம்பில் ஒரு நூல் மாதிரி நின்று, அதுவும் போனது. கிண்ணம் முழுக்க வெளிச்சம். பக்கத்து மேசைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். ஃப்ராவ் லூட்கே வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஹெர் பிரிங்க்மன் பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். எத்தனை முறை பூசினீர்கள், எத்தனை பாகையில் தெளியும் என்று கண்டுபிடித்தீர்கள், எவ்வளவு காலம் பரிசோதித்தீர்கள் என்று என்னைப் பார்த்தே கேட்டார். அவர் கண்ணில் மரியாதை இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து அப்படி ஒருவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கோ அப்பா" என்றாள் அபிரா தமிழில், சிரித்த முகம் மாறாமல். "ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லுங்கோ. நான் மிச்சத்தைப் பாக்கிறன்."

நான் "யா" என்று சொல்லியிருந்தால் போதும். சாவி என் கைக்கு வந்திருக்கும். ஆனால் அந்த மனிதர் பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். நான் சொல்வதை நம்பி எழுதுவார், வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார். அலுவலகத்தில் விளங்காமல் தலையாட்டினேன். இது விளங்கித் தலையாட்டுவதாக இருக்கும்.

"நைன்" என்றேன்.

அபிரா என் கோட்டுக் கையைப் பிடித்தாள். எனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "மகள் நல்லவள். ஆனால் இது பரிசோதனை இல்லை. பிழை. தேங்காய் எண்ணெய். எங்கள் நாட்டில் தண்ணீர். இங்கே கல். பதினைந்து வருடம் என் வீட்டில் கல். நான் பார்க்கிறேன். மனைவி ஹீட்டரில் வைக்கிறாள். நான் மறந்தேன்."

ஒரு அம்மா சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அபிராவின் முகம் சிவந்து போனது. ஹெர் பிரிங்க்மன் மட்டும் சிரிக்கவில்லை. பேனையை மூடி, மற்ற இருவரோடும் ஒதுங்கிப் போய்க் கதைத்துவிட்டு வந்தார்.

"கடைசல் மிக நல்லது. பூச்சு சரியில்லை. காயாத எண்ணெய் பூசிய பொருளை விதிப்படி ஏற்க முடியாது. வசந்த காலத்தில் இன்னொன்று கொண்டு வாருங்கள்" என்றார். போக வெளிக்கிட்டவர் திரும்பி, அந்த எண்ணெயை எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

7

பேருந்து தரிப்பிடத்தில் பனியும் மழையும் கலந்து கொட்டியது. அட்டைப் பெட்டியின் அடி ஊறிப் பிய்ந்துவிட்டது. அபிரா கிண்ணத்தை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கையுறை இல்லை. கிண்ணம் அவள் கையிலேயே மறுபடி வெளுக்கத் தொடங்கியது.

"எல்லாருக்கும் முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியள்" என்றாள்.

"நீ எனக்காகச் சொன்னனி எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

"பிறகேன்?"

"அந்தாள் எழுதப் போனவர். அதுதான்."

பேருந்து வந்தது. ஏறும்போது சாரதி அவள் கையில் இருந்ததைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல அபிராவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களைத்தான் கேக்கிறார் அப்பா."

விளக்கு மூடியா என்று கேட்டிருக்கிறார். இல்லை, கிண்ணம், நான் கடைந்தது என்றேன். ஏன் இப்படி வெள்ளை என்றார். அடுத்த சிவப்பு விளக்குவரை அவர் பக்கத்தில் நின்று தேங்காய் எண்ணெய்க் கதையை இரண்டாம் முறையாகச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டு சீட்டும் நானே கேட்டு வாங்கினேன்.

அபிராவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ரெண்டு இடத்தில பிழை விட்டனீங்கள்" என்றாள்.

"எது எது?"

"விடுங்கோ. அந்தாளுக்கு விளங்கிட்டுது."

வீட்டுக்குள் வந்து அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தபோதுதான் கண்டோம். கிண்ணம் முழுக்க வெள்ளை. ஆனால் அவள் விரல்கள் பிடித்திருந்த இடங்களில் மட்டும் எண்ணெய் உருகி, இந்தப் பக்கம் நான்கும் அந்தப் பக்கம் நான்கும் விளிம்பில் இரண்டுமாகப் பத்து யன்னல் திறந்திருந்தது. வதனி விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். பத்து விரலிலும் வெளிச்சம் வந்தது. ஹீட்டர்ச் சூட்டில் மிச்ச வெள்ளையும் கரையும்வரை மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

8

வசந்தத்தில், காயக்கூடிய வோல்நட் எண்ணெய் பூசிய ஒரு கிண்ணத்தைத் தனியாகக் கொண்டுபோனேன். தாள் இல்லை, மொழிபெயர்க்க ஆளும் இல்லை. இலக்கணம் எங்கேயோ போனது, சாவி கிடைத்தது. உலகக் கிண்ணக் கால்பந்துக்காகப் பல்கனிகளில் கொடி கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தச் சாவி இப்போதும் என் கோட்டுப் பையில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசி வேண்டுமென்றே ஒரு கிண்ணம் செய்து, ஹெர் பிரிங்க்மன் அதை அடுத்த கார்த்திகைக் கண்காட்சியில் வைத்தார். அட்டையில் என் பெயரையும் எழுதியிருந்தார்.

அபிராவுக்கு இப்போது பதினெட்டு. பீலெஃபெல்ட் என்ற ஊரில் ஆவுஸ்பில்டுங், அதாவது வேலை பழகிக்கொண்டே படிக்கும் படிப்பு, போன வருடம் தொடங்கினாள். பல் வைத்தியரின் உதவியாளராக வருவாள். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்குகிறாள். தொலைபேசியில் பாதித் தமிழ், பாதி ஜேர்மன். இந்தக் கட்டுரையை அவளால் வாசிக்க முடியாது. எழுத்துக்கூட்டி நான்கு வரி வாசித்துவிட்டு "நீங்களே வாசியுங்கோ" என்பாள். எங்களுக்கு வரும் கடிதங்களை இப்போது நானும் வதனியும் அகராதியை வைத்துக்கொண்டு வாசிக்கிறோம். விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று அலுவலகத்துக்குப் போய்ச் சொல்கிறேன். அவர்கள் மெதுவாகத் திருப்பிச் சொல்கிறார்கள்.

குளிர் காலத்தில் அவள் வீட்டுக்கு வந்தால், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குப் போவாள். கிண்ணம் வெள்ளையாக இருந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

இன்று காலை கிண்ணத்தைக் கண்டதும் வதனி, வெள்ளை கரையட்டும் என்று பக்கத்து விளக்கைப் போடப் போனாள். இன்றைக்குப் புதன். அபிரா வெள்ளி பின்னேர ரயிலில் வருகிறாள்.

"விடப்பா, அப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

வதனி விளக்கைப் போடவில்லை. முன்னறை ஹீட்டரையும் குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.